ஆசிரியரை ஆக்குவது யார்?

காக்களூர்த் தொழிற்பேட்டையில் கடைசல் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த நம் பழைய மாணவர் ஒருவர், சென்ற ஆண்டு ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகைக்குப் பின் பள்ளிவாசல் வாயிலில் நம்மைக் கண்டு ஸலாம் உரைத்தார். வேலை எவ்வாறு இருக்கிறது என்று வினவினோம். "இன்னும் மெஷினைத் தொட விடவில்லை, ஹஜ்ரத். மூன்று மாதமாகப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். அளவெடுக்கச் சொல்லித் தருகிறார்கள். இரும்புத் தூளைக் கூட்டுகிறேன்" என்றார். அவர் குரலில் சலிப்பு இருந்தது. நமக்கோ, உண்மையைச் சொன்னால், பொறாமையே பிறந்தது.

காரணம் உண்டு. அதே மாதத்தில்தான் நாம் அரபும் தமிழும் கற்பிக்கும் பள்ளியில் புதிய ஆசிரியை ஒருவர் சேர்ந்தார். வயது 23. பி.எட். தேறியவர். திங்கட்கிழமை காலை மணியடித்ததும் அவர் கையில் வருகைப் பதிவேடும் சுண்ணக்கட்டிப் பெட்டியும் கொடுக்கப்பட்டன. ஏழாம் வகுப்பு, 42 பிள்ளைகள், நாளொன்றுக்கு எட்டுப் பாடவேளைகளில் ஏழு. அவர் பக்கத்தில் எவரும் நிற்கவில்லை. அவரும் எவர் பக்கத்திலும் நிற்கவில்லை. மூன்றாம் நாளே அவர் குரல் கம்மிவிட்டது. தீபாவளி விடுமுறைக்குப் பின் அவர் திரும்பி வரவில்லை. தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருக்கிறார் என்று பின்னர் அறிந்தோம். அங்கே சம்பளமும் கூடுதலாம், அலுவலைக் கற்றுத்தர ஆளும் உண்டாம்.

இரும்பைக் கடையப் பழகுவோருக்கு 1961ஆம் ஆண்டிலேயே தொழிற் பழகுநர் சட்டம் என்று ஒரு சட்டம் இயற்றி, பழகும் காலத்துக்கு உதவித்தொகையும் வகுத்தது இந்நாடு. துண்டு கெட்டால் நட்டம். ஆதலின் முதலாளி அஞ்சுகிறார், ஆளைப் பழக்குகிறார். பிள்ளையின் படிப்புக் கெட்டால் அந்த நட்டம் எந்தப் பள்ளியின் பேரேட்டிலும் ஏறுவதில்லை. ஆதலின் அஞ்சுவாரும் இல்லை, பழக்குவாரும் இல்லை.

"பி.எட். படித்துத்தானே வந்தார்?" என்று நிர்வாகப் பெருமக்கள் கேட்கின்றனர். கேட்கட்டும். உச்ச நீதிமன்றம் அமைத்த நீதியரசர் ஜே.எஸ். வர்மா ஆணையம் 2012இல் அறிக்கை தந்தது. அதன் வழியே தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம் 2014இல் புதிய விதிகளை இயற்றியது, பி.எட். இரண்டாண்டுப் படிப்பாயிற்று. அவ்விரண்டாண்டில் 20 வாரம் பள்ளியில் கழிய வேண்டும் என்பது விதி. தாளில் நன்றாகத்தான் இருக்கிறது. நடப்பது என்ன? பயிற்சிக்கு வரும் மாணவியர், விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்பில் அமைதி காக்கின்றனர். விடைத்தாள் கட்டுகளில் மதிப்பெண் கூட்டுகின்றனர். படம் வெட்டி ஒட்டிய பதிவேடுகளை இரவு விழித்து முடிக்கின்றனர். அவர்களை நாம் குறை கூறோம். அவர்களை இவ்வாறு பயன்படுத்திக்கொள்வோர் பள்ளிகளில் இருக்கும் நாமேதாம். அப்படியே அந்த 20 வாரமும் செம்மையாகக் கழிந்தாலும், பிறர் வகுப்பில் விருந்தினராக நிற்பது ஒன்று. தம் வகுப்பை ஜூன் முதல் ஏப்ரல் வரை தோளில் சுமப்பது மற்றொன்று. உண்மையான கேள்விகள் சுமக்கத் தொடங்கிய பின்னரே எழுகின்றன. அவ்வேளையில் கல்லூரி கைகழுவி விடுகிறது, பள்ளி கைகொடுப்பதில்லை.

பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், ஆசிரியர் ஆகாதாரைக் கழற்காய் பெய்த குடத்துக்கும், மடல் நிறைந்த பனைக்கும், பஞ்சு திணித்த குண்டிகைக்கும், வளைந்த தென்னைக்கும் ஒப்பிட்டார். குண்டிகையில் பஞ்சைத் திணிப்பதும் அரிது, எடுப்பதும் அரிது. நம் காலத்துப் புதிய ஆசிரியர் பெரும்பாலும் அந்தக் குண்டிகைதான். படித்தது உள்ளே இருக்கிறது; வெளிவரும் வழி அறியார். வழியைக் காட்டாமல், குண்டிகை என்று இகழ்வது நமக்கு அடுக்குமா?

மேற்படிப்பு உண்டே, எம்.எட். இருக்கிறதே என்பர் சிலர். இங்குதான் நம் சினம் மிகுகிறது. மேற்சொன்ன 2014ஆம் ஆண்டு விதிகள் எம்.எட். படிப்பின் நோக்கத்தைத் தாமே சொல்லியுள்ளன: ஆசிரியர்க்குப் பயிற்சி தருவோர், பாடத்திட்டம் வகுப்போர், கொள்கை ஆய்வோர், திட்டமிடுவோர், நிர்வாகிகள், மேற்பார்வையாளர்கள், தலைமையாசிரியர்கள், ஆராய்ச்சியாளர்கள் ஆகியோரை உருவாக்குவதே அது. இந்த வரிசையை மீண்டும் ஒருமுறை படியுங்கள். ஏழாம் வகுப்பில் நின்று பாடம் நடத்தும் ஆசிரியர் இதில் எங்கே? இல்லை. அதாவது இந்நாட்டில் ஆசிரியத் தொழிலின் மேற்படிப்பு என்பது வகுப்பறையை விட்டு வெளியேறும் படிக்கட்டு. அரசுப் பள்ளி ஆசிரியர்கள் மேற்பட்டம் பெற்றால் ஊக்க ஊதிய உயர்வு பெறும் வழக்கம் தமிழகத்தில் நெடுங்காலம் இருந்து, 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. அது இருந்த காலத்தும், அஞ்சல் வழியில் பட்டம் வாங்கி ஊதியத்தில் சேர்த்துக்கொண்டார்களேயன்றி, அதனால் வகுப்பில் பாடம் மாறியதை நாம் அரிதாகவே கண்டோம். நண்பர்கள் சினந்தாலும் சினக்கட்டும், கண்டதைத்தான் சொல்கிறோம்.

ஆகவே நாம் கேட்பது மற்றோர் எம்.எட். அன்று. பணியில் சேர்ந்த முதல் மூன்று ஆண்டுகளில், தம் வகுப்பறையையே பாடநூலாகக் கொண்டு, தம்மினும் மூத்த ஓர் ஆசிரியரின் துணையோடு, புதிய ஆசிரியர் கற்கும் முதுநிலைப் படிப்பு. பட்டம் பல்கலைக்கழகத்துடையதாகட்டும், படிப்பு பள்ளியில் நடக்கட்டும்.

இது புதுமை என்று எண்ணுவோர் நம் மதரஸாக்களின் வரலாற்றை அறியாதோர். பழைய மதரஸாக்களில் முதர்ரிஸ் என்னும் பேராசிரியருக்கும் மாணவர்க்கும் இடையே முஈத் என்று ஒருவர் இருந்தார். பேராசிரியர் சொன்ன பாடத்தை மாணவர்க்கு மீண்டும் சொல்லி, விளங்காததை விளக்குவது அவர் பணி. சொல்லிச் சொல்லியே அவர் நாளைய பேராசிரியராக ஆனார். இமாம் கஸ்ஸாலீ அவர்கள் 1091இல் பாக்தாத் நிஸாமிய்யாவின் ஆசனத்தில் அமர்த்தப்பட்டார்கள். அதற்கு முன், தம் ஆசான் ஜுவைனீ அவர்கள் இருந்த காலத்திலேயே சக மாணவர்க்குப் பாடம் சொன்னார்கள் என்று வரலாறு எழுதியோர் குறிப்பிடுகின்றனர். 14ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாஜுத்தீன் ஸுப்கீ அவர்கள், ஒவ்வொரு பதவியில் இருப்போரின் கடமையையும் எடுத்துரைத்த தம் நூலில் முஈதின் கடமையையும் மறக்காமல் எழுதினார்கள். இன்னொன்றும் உண்டு. எகிப்திலும் ஷாமிலும் எழுதப்பட்ட வக்ஃபுப் பத்திரங்களில் முதர்ரிஸுக்கு இவ்வளவு, முஈதுக்கு இவ்வளவு என்று ஊதியம் குறிக்கப்பட்டிருந்தது. நம் காலத்து அறக்கட்டளைகளின் வரவுசெலவைப் பாருங்கள். கொத்தனாருக்கு இவ்வளவு, ஓடு பதிப்பவருக்கு இவ்வளவு என்றிருக்கும். முஈதின் பெயர் இராது.

நம் சொந்த அனுபவத்தையும் சொல்லிவிடுகிறோம். ஓதி முடித்ததும், ஓதிய இடத்திலேயே சிறுவர்க்கு ஸர்ஃபு நடத்துமாறு பணிக்கப்பட்டோம். அரபு வினைச்சொற்கள் திரியும் இலக்கணம் அது. நமக்குத் தலைகீழாகத் தெரியும். ஒரு வாரத்துப் பாடத்தை அரைமணியில் கொட்டித் தீர்த்தோம். பின்வரிசையில் முதிய உஸ்தாத் ஒருவர் அமர்ந்திருந்தார், ஒன்றும் பேசவில்லை. அஸர் தொழுகைக்குப் பின் அழைத்தார். "தம்பி, தூணோரம் இருந்த பையன் ஏதோ கேட்க வாயெடுத்தானே, என்ன கேட்க வந்தான்?" நமக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு பையன் இருந்ததே தெரியவில்லை. "நாளைக்கு அதைத் தெரிந்துகொண்டு வந்து எனக்குச் சொல்லுங்கள்" என்றார். மறுநாள் போய்ச் சொன்னோம். அடுத்த நாளைக்கு வேறொரு பையன். இரண்டு ஆண்டுகள் இவ்வாறே நடந்தது. கிதாபில் இருந்ததை நாம் ஏழாண்டில் கற்றோம். பிள்ளையின் முகத்தில் இருப்பதைப் படிக்க அந்த இரண்டாண்டுதான் கற்பித்தது. அதற்கு ஸனது எதுவும் நமக்குத் தரப்படவில்லை.

மதரஸாவில் மட்டுமா? நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் சட்டாம்பிள்ளை மணலில் எழுதிக்காட்டிச் சிறுவர்க்குக் கற்பித்ததைக் கண்டே, சென்னை எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர் இல்லத்தை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்னும் பாதிரியார் தம் முறையை வகுத்து, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். மதராஸ் முறை என்றே அதற்குப் பெயர் நிலைத்தது. சிக்கனம் கருதிப் பிள்ளையைக் கொண்டே பிள்ளைக்குக் கற்பித்த அம்முறையை இன்று மீட்க வேண்டும் என்று நாம் சொல்லவில்லை. ஆயினும் கற்பிக்கக் கற்பது கற்பிப்பவர் அருகில்தான் என்னும் வித்து அதில் இருந்தது.

அதே இங்கிலாந்தில், புதிய ஆசிரியர்க்கென்றே ஒரு முதுநிலைப் படிப்பு 2010இல் தொடங்கப்பட்டது. பள்ளியில் ஒரு வழிகாட்டி, பல்கலைக்கழகத்தில் ஒரு பேராசிரியர், செலவு அரசுடையது. நாம் கேட்பதற்கு மிக நெருங்கிய வடிவம் அது. அதே ஆண்டில் ஆட்சி மாறிற்று, அரசு கையை விலக்கிக்கொண்டது, படிப்பும் வாடிற்று. பின்னர் 2021 செப்டம்பரில் அந்நாட்டார் வேறொரு முறையைக் கொணர்ந்தனர். புதிய ஆசிரியர்க்கு இரண்டாண்டு வழிகாட்டி. முதலாண்டில் பணிநேரத்தில் 10 விழுக்காடும், இரண்டாம் ஆண்டில் 5 விழுக்காடும் குறைத்து, அந்நேரத்தைக் கற்பதற்குத் தருதல். இதில் பட்டம் இல்லை. ஆனால் நேரம் இருக்கிறது. பின்லாந்திலோ 1979 முதலே தொடக்கப்பள்ளி ஆசிரியர்க்கும் முதுகலைப் பட்டம் அடிப்படைத் தகுதி. இவற்றிலிருந்து நாம் கொள்வது ஒன்று, தள்ளுவது ஒன்று. நேரத்தைக் குறைத்துத் தராத எந்தப் பயிற்சியும் பயிற்சியன்று என்பதைக் கொள்கிறோம். முழுச்செலவையும் ஆட்சியாளரின் பையில் வைப்பதைத் தள்ளுகிறோம்.

அந்தப் படிப்பில் என்னதான் கற்பது? கல்வித் தத்துவ மேதைகளின் பெயர்ப் பட்டியலை மீண்டும் ஒப்பிப்பதாயின் வேண்டவே வேண்டாம். காக்களூரிலிருந்தே ஓர் எடுத்துக்காட்டுத் தருகிறோம். தொழிற்பேட்டைக்குப் பிழைக்க வந்த பீகார், ஒடிசாக் குடும்பங்களின் பிள்ளைகள் இன்று நம் வகுப்புகளில் இருக்கின்றனர். அவர்களுக்குத் தமிழெழுத்துக் கற்பிக்கும்போது, "எந்தக் க?" என்று ஒரு பிள்ளை கேட்கிறது. புதிய ஆசிரியைக்கு அது மந்தபுத்தியாகத் தோன்றுகிறது; சில வேளை துடுக்காகவும் தோன்றுகிறது. அது மிகக் கூரிய கேள்வி. அப்பிள்ளை அறிந்த எழுத்தில் அந்த இனத்து ஒலிகளுக்கு நான்கு வடிவங்கள் உள்ளன. தமிழிலோ 'கடல்', 'தங்கம்', 'மகன்' என்னும் மூன்று சொற்களிலும் ஒரே எழுத்து மூன்று விதமாக ஒலிக்கிறது. இடத்தை வைத்து ஒலியை அறிவது தமிழ்ப் பிள்ளைக்குத் தாய்ப்பாலோடு வந்தது. அந்தப் பிள்ளைக்கு எவரேனும் சொல்லித்தர வேண்டும். அரபு எழுத்தில் தமிழை எழுதிய நம் முன்னோர், அரபியில் இல்லாத தமிழ் ஒலிகளுக்குப் புள்ளி கூட்டிப் புதிய எழுத்துகளை ஆக்கினார்களே, அவர்கள் இந்தச் சிக்கலை நன்றாக அறிந்திருந்தனர்.

நம் படிப்பில் சேரும் ஆசிரியை ஒரு பருவம் முழுவதும் இதை எடுத்துக்கொள்ளட்டும். 42 நோட்டுகளையும் சேர்த்து, பிழைகளைப் பிரிக்கட்டும்: காதால் வந்த பிழை எது, எழுத்து வடிவத்தால் வந்தது எது, சொல்லையே அறியாததால் வந்தது எது. உருது பேசும் வீட்டுப் பிள்ளை லகரத்தையும் ளகரத்தையும் எங்கே மயங்குகிறது, தெலுங்கு பேசும் வீட்டுப் பிள்ளை எங்கே மயங்குகிறது என்று குறிக்கட்டும். பின் ஒரு பாடத்தை மாற்றி நடத்தட்டும். மூத்த ஆசிரியர் பின்வரிசையில் இருந்து பார்க்கட்டும். பல்கலைக்கழகத்தார் அவ்வகுப்புக்கு நேரில் வந்து, பிள்ளைகளின் நோட்டையும் ஆசிரியையின் குறிப்பையும் வைத்து மதிப்பிடட்டும். கணிதம், அறிவியல், வரலாறு ஒவ்வொன்றிலும் இத்தகைய சிக்கல்கள் நூறு கிடக்கின்றன. மூன்றாண்டில் ஆறு பருவம், ஆறு சிக்கல். இதற்கு மேல் பாடத்திட்டம் வேண்டியதில்லை.

குழுமம் 2025 பிப்ரவரியில் வெளியிட்ட வரைவு விதிகளில், பணியில் இருப்போர் பகுதிநேரமாக இரண்டாண்டில் எம்.எட். படிக்கவும் இடம் வைத்தது. அவ்வழி திறக்குமாயின், அதன் உள்ளடக்கத்தை யார் வகுப்பது என்பதே நம் கேள்வி. 2008இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு ஆசிரியர் கல்வியியல் பல்கலைக்கழகம் இருக்கிறது. நம் மாவட்டத்துக்கு ஆசிரியர் கல்வி பயிற்சி நிறுவனம் திரூரில் இருக்கிறது. திருச்சி ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னைப் புதுக்கல்லூரியும் 1951இல் எழுந்தபோது நம் வணிகப் பெருமக்கள் அரசை எதிர்பார்த்து நிற்கவில்லை. அத்தகைய கல்லூரிகள் முன்வந்து, பத்துப் பள்ளிகளோடு உடன்படிக்கை செய்து, இப்படிப்பைக் கேட்டு வாங்கினால் யார் தடுக்கப் போகிறார்?

நம்மவர் கவனமோ வேறிடத்தில் இருக்கிறது. மராட்டியத்தின் அஞ்சுமன் அறக்கட்டளை ஒன்று தொடுத்த வழக்கில், 1.9.2025 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்புரைத்தது. பணியில் இருக்கும் ஆசிரியரும், ஓய்வுபெற ஐந்தாண்டுக்கு மேல் இருந்தால், இரண்டாண்டுக்குள் ஆசிரியர் தகுதித் தேர்வில் தேற வேண்டும் என்றது. சிறுபான்மையோர் பள்ளிகளுக்கு இது பொருந்துமா என்னும் கேள்வியைப் பெரிய அமர்வுக்கு அனுப்பிற்று. அன்று முதல் நம் கூட்டங்களில் ஒரே பேச்சு: நமக்கு விலக்கு உண்டா? அரசியல் சட்டத்தின் 30ஆம் பிரிவு தரும் உரிமையைக் காப்பதில் நாம் எவருக்கும் பின்தங்கியவர் அல்லர். தகுதித் தேர்வு ஒன்றே நல்லாசிரியரைக் காட்டிவிடும் என்றும் நாம் நம்பவில்லை. ஆனால் விலக்குக் கேட்போரிடம் ஒரு வினா: அரசின் அளவுகோல் வேண்டாம் என்றால், உங்கள் அளவுகோல் எது? நம் விருப்பப்படி பள்ளி நடத்தும் உரிமை, பழக்கப்படாத ஆசிரியரிடம் பிள்ளையை ஒப்படைக்கும் உரிமையும் ஆகுமா?

பணம் எங்கே என்பர். புதிய ஆசிரியைக்கு வாரத்தில் நான்கு பாடவேளை குறைப்பதும், மூத்தவருக்கு இரண்டு குறைத்து ஒரு சிறுதொகை சேர்த்துத் தருவதும், கல்விக் கட்டணத்தில் பாதியை ஏற்பதும் பெருஞ்செலவா? ஆண்டுதோறும் நடுப்பருவத்தில் ஆசிரியர் ஓடிப்போக, இரண்டு மாதம் வகுப்பு ஆசிரியரின்றிக் கிடக்கும் செலவை எவரேனும் கணக்கிட்டதுண்டா? படிக்க வைத்தால் அரசு வேலைக்குப் போய்விடுவார் என்பர். படிக்க வைக்காமலேயே போகின்றனரே! போகிறவர் எங்கே போனாலும் ஏதோ ஒரு பிள்ளைக்குத்தானே பாடம் சொல்வார்?

இவ்வளவும் நிர்வாகிகளை நோக்கிச் சொன்னோம். இதைப் படிக்கும் குடும்பத்தாரே, உங்களிடமும் நமக்கு வழக்குண்டு. நம் வீட்டுப் பெண்கள்தாம் இப்பள்ளிகளின் ஆசிரியைகள். "கல்யாணம் ஆகும்வரை சும்மா இருப்பானேன், பக்கத்துப் பள்ளிக்குப் போய் வரட்டும்" என்று அனுப்புகிறீர்கள். நிர்வாகியும் அதை அறிந்தே ஊதியத்தை நிர்ணயிக்கிறார். தொழிற்பேட்டையில் பொட்டலம் கட்டுவோர் பெறுவதினும் அது குறைவாக இருப்பதை நாம் கண்டிருக்கிறோம். மருத்துவம் படித்த மகளை இப்படி அனுப்புவீர்களா? மூன்றாண்டுப் படிப்பொன்றில் அவரைச் சேர்த்தால், மணப்பேச்சு வந்தாலும் அவர் படிப்பைக் காக்க முன்வருவீர்களா? பெண்கேட்டு வருவோரிடம், "எங்கள் மகள் ஆசிரியை, அது அவள் தொழில்" என்று சொல்ல உங்கள் நா எழுமா? ஆசிரியத்தை நாமே காத்திருப்பு அறையாக்கிவிட்டு, தரம் இல்லை என்று பெற்றோர் கூட்டத்தில் குரல் உயர்த்துவது எந்த நியாயம்?

சென்ற மார்ச்சு மாதம் இக்கருத்துகளை நான்கு பக்கம் எழுதி நம் பள்ளி நிர்வாகக் குழுவிடம் அளித்தோம். மண்டபத்தின் மேற்கூரை வேலை முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று மறுமொழி கிடைத்தது. ஜூனில் ஏழாம் வகுப்புக்குப் புதியவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். தலைமையாசிரியை நம் வேண்டுகோளுக்கு இணங்கி, வாரத்தில் இரண்டு பாடவேளை நாம் அவர் வகுப்பின் கடைசிப் பலகையில் அமர இசைவு தந்தார். சென்ற செவ்வாயன்று இடைவேளையில் அவர் நம்மைத் தேடி வந்து, ஒடிசாப் பையன் ஒருவன் விடாமல் ஒரே கேள்வியைக் கேட்டுத் தொல்லை செய்வதாகச் சொன்னார். அவனுடைய நோட்டை எடுத்து வருமாறு சொன்னோம்.